கோசோங்

ஒரு நானோ விநாடியில் ஒளி ஓரடி நடக்கும்.
போனதையும் வந்ததையும் சேர்த்துப் பாதியாக்கினால்
தூரம்.
இவ்வளவுதான் என் உத்தியோகம்.
மீதியெல்லாம் உபியில், ஆறாம் மாடியில்,
குளிர்சாதனத்துக்குப் பயந்து போட்ட ஸ்வெட்டர்.

இரண்டு துணைக்கோளங்கள், காலணிப் பெட்டி அளவில்.
மைனா ஒன்று, மைனா இரண்டு.
பேர் வைத்தவன் ரிட்வான்,
உணவங்காடியில் அவன் தட்டிலிருந்து
பொரித்த முட்டையைத் தூக்கிப்போன பறவையின் நினைவாக.

முன்னே போவதன் முதுகில் ஒரு கண்ணாடி மூலை.
வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும்,
வேறொன்றும் தெரியாது அதற்கு.
பின்னே வருவது லேசரைச் சுண்டிவிட்டுக் காத்திருக்கும்
கடிகாரத்தை மட்டும் நம்பி.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள்.
இருக்கிறது. ஐந்தாறு மீட்டர் முன்னே பின்னே சொல்லும்.
ஐந்தாறு மீட்டருக்குள் ஒரு மோதல்
வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.
ரயிலில் வரும்போது நான்கு மொழியில் சொன்னார்கள்,
மேடை இடைவெளியைக் கவனத்தில் கொள்ளவும்.
மேலே அதைச் சொல்ல
ஒரு சிவப்புக் கதிர்தான் உண்டு,
அதுவும் பேசாது.

அதிகாலை நான்கு பன்னிரண்டு.
பதினோரு நிமிடம் நம் தலைக்குமேல் இருக்கும்.
ஐந்து விநாடிக்கு ஓர் எண்ணாக
ஹுய் ஷான் வாய்விட்டு வாசிக்கிறாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்றேழு.
இருநூற்று மூன்று.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
சுழியம்.

சுழியம் என்றால் தொட்டாயிற்று.
ஐந்து விநாடியில் இவ்வளவையும் ஒரே தாவாய்த் தாவி
வந்து சேர்ந்துவிட்டதாக
மைனா நம்புகிறது.
கைகோக்கும் கொக்கியை நீட்டத் தொடங்குகிறது
வெறும் இருட்டிடம்.

யாரும் கத்தவில்லை. படத்தில்தான் கத்துவார்கள்.
ரிட்வான் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து
நிரலில் ஒரு வரியின்மேல் விரல் வைத்தான்.
எதிரொளி வராவிட்டால் சுழியம் என்று எழுது.
பக்கத்தில் எழுதியவர் பெயரும் தேதியும்.
என் பெயர்.
போன தீபாவளிக்கு முந்திய இரவு,
வீட்டுக்குப் போகிற அவசரம்.

பின்வாங்கச் சொல்லிக் கட்டளை அனுப்பினோம்.
போய்ச் சேர்ந்ததா என்று தெரியுமுன்
இரண்டும் போர்னியோ பக்கம் இறங்கிவிட்டன.

அடுத்த முறை தலைக்குமேல் வர நூற்றிரண்டு நிமிடம்.

எதிர்த்த கோப்பிக்கடை அப்போதுதான்
இரும்புக் கதவைத் தூக்கியிருந்தது.
கோப்பி ஓ கோசோங், என்றேன், பழக்கத்தில்.
கடைக்காரர் சர்க்கரை டப்பாவைத் தொடாமல்
கறுப்பாக ஊற்றி நீட்டினார்.

குவளை சுட்டது.
கோசோங்.
ரிட்வான் தொலைபேசி எண் சொல்லும்போது அது சுழியம்.
இங்கே, சர்க்கரை வேண்டாம்.
இல்லாதது சர்க்கரை மட்டும்.
கோப்பி இருக்கிறது, விளிம்புவரை, ஆவி பறக்க.
பதில் வரவில்லை என்பது வேறு,
பக்கத்தில் வந்துவிட்டேன் என்பது வேறு.
இந்தக் கடையில் மேசை துடைப்பவருக்குக்கூடத் தெரிந்ததை
நான் ஒரு பெட்டிக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித்தரச் சொல்லி
அப்படியே மேலே ஓடினேன்.

ஐந்து ஐம்பத்து நான்கு.
மேகம் மூடிய வானம், அலைவரிசைக்கு அது பொருட்டில்லை.
வெளியே மழைமரத்தில்
நிஜ மைனாக்களின் சண்டை.
ஹுய் ஷான் கண்ணெடுக்காமல் வாசித்தாள்.
முந்நூற்றுப் பதினொன்று.
முந்நூற்றுப் பதினொன்று.
முந்நூற்றுப் பதினொன்று.
முன்னது சற்றே முகம் திருப்பியிருந்திருக்கிறது,
அவ்வளவுதான்.
கண்ணாடி மூலையும் கூடவே திரும்பிவிட்டது.

சுழியத்தை அழித்தேன்.
அந்த இடத்தில் எதை எழுதுவதென்று
மூவரும் கொஞ்சம் சண்டை போட்டோம்.
எந்த எண்ணும் சரிப்படவில்லை,
எண் என்றால் அது நம்பிவிடும்.
கடைசியில் ஒரு கோடு போட்டு,
பக்கத்தில் குறிப்பு எழுதினேன்:
தெரியவில்லை. நகராமல் மறுபடி கேள்.
தேதி, என் பெயர்.

பையின் அடியில்
இரண்டு வாய் கோப்பி மிச்சமிருந்தது.
அளக்காமல் குடித்தேன்.